பாரிஸுக்கு ஃப்ளைட் கூடாதுன்னு ஐரோப்பிய சட்டம் இருக்கா?

14 ஜனவரி 2025 (வாசகர் கேள்வி)

போன வருஷம் கோயம்புத்தூர்ல இருந்து ஃப்ராங்க்ஃபர்ட் ஆஃபீஸுக்கு மாத்தி வந்தேன். பாரிஸ்ல ஒரு கஸ்டமர், அடிக்கடி போக வேண்டியிருக்கு. புக்கிங் டூல்ல ஃப்ளைட்டே காட்ட மாட்டேங்குது. மேனேஜர்கிட்ட கேட்டா "நாலு மணி நேரத்துல ட்ரெயின் போற ஊருக்கு ஃப்ளைட் தடை, ஐரோப்பிய யூனியன் சட்டம்"ங்கிறார். ஆனா அதே ரூட்ல லுஃப்தான்சா ஓடிக்கிட்டுதான் இருக்கு. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

15 ஜனவரி 2025

அப்படி ஒரு ஐரோப்பிய சட்டம் கிடையாது. டூல்ல பூட்டு போட்டது உங்க கம்பெனியோட ட்ராவல் பாலிசி. ஃப்ராங்க்ஃபர்ட்-பாரிஸ் அதிவேக ரயில் நாலு மணிக்குக் கொஞ்சம் கம்மியா போகுது, அதனால அவங்க வச்ச வரம்புக்குள்ள விழுந்துடுச்சு. நான் கொலோன்ல இருக்கேன், வேலைக்காக பெல்ஜியம், ஃப்ரான்ஸ், பெர்லின்னு சுத்துறவன், எங்க ஆஃபீஸ்ல இதே மாதிரி பாலிசி எழுதுன குழுவுலயும் உக்காந்திருந்தேன். சொல்ல நிறைய இருக்கு, நேரம் கிடைக்கும்போது இங்கயே தொடர்ந்து எழுதுறேன்.

16 ஜனவரி 2025

உங்க மேனேஜர் மனசுல இருக்குறது ஃப்ரான்ஸ் சட்டமா இருக்கும். 2021 ஆகஸ்ட்ல அங்க ஒரு பருவநிலைச் சட்டம் போட்டாங்க, அதுல ஒரு பிரிவு: ரெண்டரை மணி நேரத்துக்குள்ள நேரடி ரயில் இருந்தா அந்த உள்நாட்டு ஃப்ளைட் ஓடக் கூடாது. முதல்ல கேட்டது நாலு மணி நேரம்தான். 150 பொதுமக்களைக் குலுக்கல்ல தேர்ந்தெடுத்து ஒரு மாநாடு நடத்துனாங்க, அவங்க வச்ச பரிந்துரை அது. பாராளுமன்றத்துக்குள்ள போய் வெளிய வரும்போது ரெண்டரையா சுருங்கிடுச்சு. ஐரோப்பிய கமிஷன் 2022 டிசம்பர்ல ஒப்புக்கிட்டு, 2023 மே மாசம் ஆணை வந்துச்சு, அதுவும் மூணு வருஷத்துக்கு மட்டும்.

நடைமுறைல நின்ன ரூட் எதெல்லாம்னு பாருங்க. பாரிஸ் ஓர்லி ஏர்போர்ட்ல இருந்து நான்ட், லியோன், போர்தோ. மூணுதான். அந்த மூணையும் ஏர் ஃப்ரான்ஸ் 2020லயே நிறுத்திடுச்சு, கொரோனா சமயத்துல அரசாங்கம் குடுத்த பண உதவிக்கு அது நிபந்தனை. காலியான இடத்துல வேற ஏர்லைன் வந்து உக்காராம தடுத்ததுதான் சட்டம் செஞ்ச வேலை. ஷார்ல் து கோல் ஏர்போர்ட்ல இருந்து போற ரூட்டெல்லாம் தப்பிச்சுது, ஏன்னா ரயில் நேரத்தை அந்த ஏர்போர்ட் ஸ்டேஷன்ல இருந்துதான் எண்ணணும், அங்கருந்து எண்ணுனா சில ரூட்ல நேரம் கூடிடுது. இன்னொரு நிபந்தனையும் இருக்கு, காலைல போய் அங்க எட்டு மணி நேரத்துக்கு மேல இருந்துட்டு அன்னிக்கே திரும்ப முடியுற மாதிரி ரயில் ஓடணும். இது நல்லா யோசிச்சு வச்ச நிபந்தனை. வேலைக்குப் போறவன் எப்படிப் போறான்னு தெரிஞ்ச யாரோ எழுதியிருக்காங்க.

ஆஸ்திரியாவும் 2020ல இதே வழில போச்சு. ஆஸ்திரியன் ஏர்லைன்ஸுக்கு உதவி குடுக்கும்போது வியன்னா-சால்ஸ்பர்க் ஃப்ளைட்டை நிறுத்தச் சொன்னாங்க, இப்ப ஏர்போர்ட்டுக்கே நேரா ரயில் வருது. கூடவே 350 கிலோமீட்டருக்குள்ள பறந்தா டிக்கெட்டுக்கு 30 யூரோ வரி.

16 ஜனவரி 2025, ராத்திரி

மேல எழுதுனதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஃப்ரான்ஸ் தடை அட்டவணை போட்டு ஓடுற ஃப்ளைட்டுக்கு மட்டும்தான். வாடகை ஜெட்ல பாரிஸுக்கு வடக்கால இருக்குற லெ பூர்ஜெ ஏர்போர்ட்ல இருந்து ஏறிப் போற முதலாளிக்கு அது பொருந்தாது. நான் ரெண்டாம் வகுப்புல லேப்டாப்பை மடில வச்சுக்கிட்டு போறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, ஆனா ஒரு ஆளுக்கு அதிகமா புகை விடுற பயணத்தை விட்டுட்டு சட்டம் எழுதுனா ஊர் எப்படி அதை மதிக்கும்? இது எனக்குள்ள இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.

29 ஜனவரி 2025

இன்னொருத்தர் கேட்டிருந்தார், தடை இல்லன்னா வேற என்னதான் இருக்குன்னு. விலை வழியா வர்றது ரெண்டு.

முதல்ல கார்பன் சந்தை, அதாவது விடுற ஒவ்வொரு டன் புகைக்கும் ஒரு பர்மிட் வச்சிருக்கணும். ஐரோப்பாவுக்குள்ள பறக்குற ஃப்ளைட் 2012ல இருந்தே அதுல இருக்கு, ஆனா ஏர்லைனுக்கு நிறைய பர்மிட் சும்மா குடுத்தாங்க. இப்ப அதைக் குறைக்கிறாங்க: 2024ல கால்வாசி போச்சு, இந்த வருஷம் பாதி, 2026ல இருந்து இலவச ஒதுக்கீடு கிடையாது, எல்லாம் காசு குடுத்து வாங்கணும். ஒரு பயணிக்கு ஒரு டிரிப்ல நூறு கிலோ கார்பன்னு தோராயமா வச்சு, டன் 70 யூரோன்னு போட்டா 7 யூரோ. ஏர்போர்ட்ல ஒரு சாண்ட்விச் அதுக்கு மேல. எந்த கம்பெனியும் 7 யூரோவுக்காக மீட்டிங்கை நிறுத்தாது.

ரெண்டாவது எரிபொருள். 2025 ஜனவரி 1ல இருந்து ஐரோப்பிய ஏர்போர்ட்ல விக்கிற விமான எரிபொருள்ல 2 சதவீதம் 'சாஃப்' இருக்கணும், அதாவது பழைய சமையல் எண்ணெய், கழிவுக் கொழுப்பு இந்த மாதிரி பொருள்ல இருந்து எடுக்குறது. 2030ல 6, 2035ல 20, 2050ல 70 சதவீதம். இதுவும் இப்போதைக்கு டிக்கெட்டை லேசாத்தான் தொடும். டிக்கெட் செலவுல எரிபொருள் கால்வாசி, சாஃப் விலை மூணு மடங்குன்னு வச்சுப் போட்டுப் பாத்தா ஒரு சதவீதம் கிட்ட வருது. லுஃப்தான்சா இந்த வருஷத்துல இருந்து 1 யூரோல ஆரம்பிச்சு 72 யூரோ வரைக்கும் ஒரு சுற்றுச்சூழல் கட்டணம் சேக்குது, டிக்கெட் ப்ரிண்ட்ல தனி வரியா இருக்கும்.

நம்மாளுங்களுக்கு இதுல ஒரு விஷயம்: ஃப்ராங்க்ஃபர்ட்-சென்னை ஃப்ளைட் கார்பன் சந்தைக்குள்ள வராது, ஐரோப்பாவுக்கு வெளிய போறதை 2026 முடியுற வரைக்கும் ஒதுக்கி வச்சிருக்காங்க. ஆனா சாஃப் விதி அதுக்கும் உண்டு, ஏன்னா அது எரிபொருள் எங்க நிரப்புறாங்கங்கிறதைப் பாக்குது. அப்ப வெளிநாட்டுல விலை கம்மியா மொத்தமா நிரப்பிட்டு வந்துடலாமேன்னு ஏர்லைன் யோசிக்கும்ல, அதுக்கும் ஒரு கொக்கி வச்சிருக்காங்க: ஒரு ஐரோப்பிய ஏர்போர்ட்ல இருந்து கிளம்புற ஃப்ளைட்டுக்கு வருஷத்துக்குத் தேவைப்படுற எரிபொருள்ல 90 சதவீதம் அங்கயே ஏத்தணும்.

28 பிப்ரவரி 2025

உங்க டூல்ல பூட்டு வந்த காரணம் எனக்குத் தெரிஞ்சு இதுதான், இன்னிக்கு இதை எழுதியே ஆகணும் ஏன்னா ரெண்டு நாள் முன்னாடி அந்தக் காரணத்தையே ஆட்டிப் பாத்துட்டாங்க.

சிஎஸ்ஆர்டின்னு ஒரு ஐரோப்பிய விதி, 2023 ஜனவரில அமலுக்கு வந்துச்சு. பெரிய கம்பெனி எல்லாம் நிதிக் கணக்கு மாதிரியே கார்பன் கணக்கும் எழுதி ஆடிட்டர் கையெழுத்தோட வெளியிடணும். அதுல 'ஸ்கோப் 3'னு ஒரு பகுதி, நம்ம ஆஃபீஸ் கட்டடத்துக்கு வெளிய நம்மால உண்டாகுற புகை, அதுல பிசினஸ் ட்ராவல் ஒரு தனித் தலைப்பு. இதைப் பாத்ததும்தான் ஃபைனான்ஸ் ஆளுங்க முதல் தடவையா ட்ராவல் டெஸ்க்கைத் தேடி வந்தாங்க. எங்க குழுவுல நடந்ததை நேர்ல பாத்தேன், அதுவரைக்கும் "டிக்கெட் எவ்ளோ"ன்னு மட்டும் கேட்டவங்க "கிலோ எவ்ளோ"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஃப்ளைட்டை ரயிலா மாத்துறது அந்தக் கணக்குல சுலபமா குறைக்கக் கூடிய இடம், ஃபாக்டரிய மாத்தத் தேவையில்ல, சப்ளையரோட சண்டை போட வேண்டியதில்ல. அங்கதான் இந்த நாலு மணி வரம்பு பிறந்துச்சு.

பிப்ரவரி 26 அன்னிக்கு கமிஷன் 'ஆம்னிபஸ்'னு ஒரு திருத்தத்தை முன்வச்சிருக்கு. ஆயிரம் ஊழியருக்குக் கீழ இருக்குற கம்பெனிங்க இந்தக் கணக்கு எழுத வேண்டாம், அவங்க கணக்குப்படியே எண்பது சதவீத கம்பெனி வெளிய போயிடும். சின்ன கம்பெனிங்களுக்கு காகித வேலை தலைக்கு மேல போனது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். எனக்கு பயம் என்னன்னா, ஃபைனான்ஸ் ஆள் மறுபடியும் "டிக்கெட் எவ்ளோ"க்குத் திரும்பிடுவார்.

9 மார்ச் 2025

இத்தனை விதி பேசுனோம், ஒரு பிசினஸ் ட்ராவலர் ஏன் இன்னும் ஃப்ளைட் கேக்குறான்னு யாரும் இங்க பேசல. வேகம்தான் காரணம்னு எல்லாரும் சொல்வாங்க, என் அனுபவத்துல அது இல்ல. கனெக்ஷன் விட்டுப்போற பயம்தான் காரணம்.

ரெண்டு நாடு தாண்டி வர்ற ஒரு பயணம். முதல் ரயில் லேட், அடுத்த ரயில் வேற கம்பெனியோடது, அது கிளம்பிடுச்சு. கவுன்டர்ல இருந்த அம்மா என் ரெண்டு டிக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது தனித்தனி டிக்கெட், நீங்க லேட்டா வந்ததுக்கு நாங்க பொறுப்பில்ல, புதுசா வாங்குங்க"ன்னாங்க. கடைசி ரயிலுக்கு அந்த நேரத்து விலை, நான் முதல்ல வாங்குன ரெண்டு டிக்கெட்டையும் சேத்தாலும் அவ்ளோ வராது. அதுல ஏறி பாதி வழில இறங்கி ஹோட்டல் போட்டேன். மறுநாள் செலவு ரிப்போர்ட்ல எங்க அக்கவுன்டன்ட் கேட்டது ஒரே கேள்வி, "ஃப்ளைட்ல வந்திருந்தா கம்மியா ஆயிருக்குமே?" அவர் கேட்டதுல தப்பில்ல. ஒரே டிக்கெட்ல ரெண்டு ஃப்ளைட் வாங்கி முதல் ஃப்ளைட் லேட்டானா ஏர்லைனே அடுத்ததுல ஏத்திவிட்டு ஹோட்டலும் குடுக்கும். ரயில்ல அந்தப் பாதுகாப்பு எல்லைக்கோட்டுல நின்னுடுது.

ஜெர்மனில தூர ரயிலோட நேரம் தவறாமை 2024ல 62.5 சதவீதம்னு ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானே வெளியிட்டிருக்கு, அதுவும் ஆறு நிமிஷத்துக்குள்ள வந்தா நேரத்துக்கு வந்ததா எண்ணி. இந்த நிலைமைல "ரயில்ல போ"ன்னு பாலிசில எழுதுறவங்க, கனெக்ஷன் விட்டா என்னங்கிறதையும் அடுத்த வரில எழுதணும். இத நான் எங்க குழுவுல எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லத் தயார்.

10 மார்ச் 2025

நேத்து எழுதுனதைப் படிச்சுட்டு மூணு பேர் கேட்டுட்டாங்க, அப்ப என்ன பண்ணணும்னு. உபயோகமான ரெண்டு தகவல்.

ஒண்ணு, ரயில் கம்பெனிங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்கு, ஏஜேசின்னு பேரு. டாய்ச்ச பான், ஆஸ்திரியா, ஸ்விஸ், ஃப்ரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ரயில்வே எல்லாம் அதுல இருக்காங்க. சர்வதேசப் பயணத்துல லேட்டால கனெக்ஷன் விட்டா, டிக்கெட் தனித்தனியா இருந்தாலும், அதே வழில அடுத்த ரயில்ல ஏறிக்கலாம். நிபந்தனை: லேட்டான ரயிலோட கண்டக்டர்கிட்டயோ ஸ்டேஷன்லயோ லேட்டுக்கு சான்று வாங்கணும், கனெக்ஷனுக்கு நியாயமான இடைவெளி விட்டிருக்கணும். ஸ்டேஷன் ஊழியர் நிறைய பேருக்கே இது தெரியாது, அதனால பேரைச் சொல்லிப் பொறுமையா கேளுங்க.

ரெண்டு, 2023 ஜூன்ல அமலுக்கு வந்த ரயில் பயணிகள் உரிமை விதில ஒரு நல்ல பிரிவு இருக்கு. ஒரு டிக்கெட் ஏஜென்ட் அவராவே பல டிக்கெட்டை ஒண்ணா சேத்து வித்து, கனெக்ஷன் விட்டுப்போனா, முழுப் பணமும் திருப்பித் தரணும், அதுக்கு மேல 75 சதவீதம் நஷ்ட ஈடும் தரணும். படிக்கும்போது கை தட்டத் தோணும். ஆனா "இவை தனித்தனி ஒப்பந்தங்கள்"னு முன்னாடியே பயணிக்கு சொல்லிட்டா ஏஜென்டுக்குப் பொறுப்பு இல்ல. அந்த வரிய எல்லாரும் பொடி எழுத்துல போட்டுட்டாங்க. உங்க கம்பெனி புக்கிங் டூல்ல கடைசி ஸ்க்ரீன்ல தேடிப் பாருங்க, இருக்கும்.

21 ஏப்ரல் 2025

ஆம்னிபஸ்ல முதல் பகுதி நிறைவேறிடுச்சு. இன்னும் ரிப்போர்ட் எழுத ஆரம்பிக்காத கம்பெனிங்களுக்கு ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டாச்சு. எங்க ஆஃபீஸ்ல பயணத்துக்கு எவ்ளோ கார்பன்னு காட்டுற டேஷ்போர்ட் வேலை அடுத்த வாரமே நின்னுபோச்சு. யாரும் நிறுத்தச் சொல்லல, யாருக்கும் அவசரம் இல்லாம போயிடுச்சு.

8 ஜூன் 2025

ஃப்ளைட் லேட்டுக்கான நஷ்ட ஈடு பத்தி செய்தி பாத்திருப்பீங்க. இப்ப மூணு மணி நேரம் லேட்டா போய்ச் சேந்தா தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. மூணு மணிங்கிறது ஐரோப்பிய நீதிமன்றம் 2009ல ஒரு தீர்ப்புல வச்சது. ஜூன் 5ம் தேதி அமைச்சர்கள் கவுன்சில் இதை மாத்தலாம்னு முடிவு பண்ணியிருக்கு: 3500 கிலோமீட்டர் வரைக்கும் நாலு மணி லேட்டானாத்தான் 300 யூரோ, அதுக்கு மேல ஆறு மணிக்கு 500. பாராளுமன்றம் ஒத்துக்கணும், அங்க எதிர்ப்பு பலமா இருக்கு.

நான் இதை வேற பக்கம் இருந்து பாக்குறேன். ரயில் ஒரு மணி லேட்டானா டிக்கெட் விலைல 25 சதவீதம், ரெண்டு மணின்னா 50. நாப்பது யூரோ டிக்கெட்டுக்கு இருபது யூரோ. 2023ல இருந்து புயல், வெள்ளம் மாதிரி காரணம்னா அதுவும் இல்ல. பயணிய ரயிலுக்கு வா வான்னு கூப்பிடுறவங்க முதல்ல ரயில் பயணிக்கும் ஃப்ளைட் பயணிக்கும் ஒரே மாதிரி உரிமை குடுக்கட்டும். ஃப்ளைட்காரன் உரிமைய இறக்கி சமமாக்கச் சொல்லல, ரயில்காரனோடத ஏத்தச் சொல்றேன்.

3 ஜூலை 2025

ஸ்வீடன் ஜூலை 1ல இருந்து விமான வரிய எடுத்துட்டாங்க. 2018ல போட்ட வரி. "பறக்க வெக்கம்"னு ஒரு பேச்சு உலகம் முழுக்கப் பரவுனது அந்த நாட்டுல இருந்துதான், அதனால இந்தச் செய்தி எனக்கு ரொம்ப வருத்தம். பக்கத்து வீட்டு டென்மார்க் இந்த வருஷம்தான் வரி போட ஆரம்பிச்சிருக்கு, ஐரோப்பாவுக்குள்ள 30 க்ரோனர். ஃப்ரான்ஸ் மார்ச்ல 2.63 யூரோவா இருந்ததை 7.40 ஆக்குச்சு, ப்ரைவேட் ஜெட்டுக்கு ஒரு ஆளுக்கு நூத்துக்கணக்குல வரி வச்சாங்க (ஜனவரில நான் எழுதுன உறுத்தல் இதனால கொஞ்சம் தணிஞ்சுது). ஜெர்மனில குறுந்தூரத்துக்கு 15.53. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு திசைல இழுக்குது.

இதெல்லாம் ஏன் நாடு நாடா நடக்குதுன்னா, பொதுவா ஒரு வரி போட முடியல. கார்ல பெட்ரோல் போட்டா வரி, விமானத்துல மண்ணெண்ணெய் போட்டா வரி இல்ல, 2003ம் வருஷத்து ஐரோப்பிய எரிசக்தி வரி விதில அதுக்கு விலக்கு. கமிஷன் 2021லயே இந்த விலக்கை எடுக்கலாம்னு முன்மொழிஞ்சுது. வரி விஷயத்துல எல்லா நாடும் ஒருமனதா சரின்னு சொல்லணும், சுற்றுலாவையும் தீவுகளையும் நம்பி இருக்குற நாடுங்க சொல்ல மாட்டேங்குது, அப்படியே கிடக்கு. சர்வதேச ஃப்ளைட் டிக்கெட்டுக்கு வாட் கிடையாது, ரயில் டிக்கெட்டுக்கு ஜெர்மனிக்குள்ள ஓடுற தூரத்துக்கு 7 சதவீதம் உண்டு. 2020 வரைக்கும் தூர ரயிலுக்கு 19 இருந்துச்சு, அதைக் குறைச்சது நல்ல காரியம்.

17 ஆகஸ்ட் 2025

முதல் கேள்வி கேட்ட தம்பி தனியா மெசேஜ் பண்ணியிருந்தார், இப்ப பாரிஸுக்கு ரயில்லதான் போறாராம், பழகிடுச்சாம். "ஆனா அண்ணா, நாள் முழுக்கப் போயிடுதே"ன்னார்.

வீட்டு வாசல்ல இருந்து கஸ்டமர் வாசல் வரைக்கும் எண்ணிப் பாருங்க தம்பி. ஏர்போர்ட்டுக்குப் போகணும், செக்யூரிட்டில நிக்கணும், கேட்ல காத்துக்கிட்டு இருக்கணும், ஷார்ல் து கோல்ல இறங்கி மறுபடியும் ஊருக்குள்ள போற ரயிலைப் பிடிக்கணும். அந்த நேரத்துல ஒரு துண்டு கூட அரை மணிக்கு மேல சேந்தாப்ல கிடைக்காது, லேப்டாப்பைத் திறந்தா மூடச் சொல்வாங்க. ரயில்ல மூணு மணி நேரம் ஒரே இருக்கைல உக்காந்து வேலை பாக்கலாம், சுரங்கத்துல நெட் போகும், அது ஒண்ணுதான் குறை. அந்த ரயில் நிக்கிற பாரிஸ் கிழக்கு ஸ்டேஷன்ல இருந்து வடக்கால நடந்தா லா ஷப்பேல், நம்ம யாழ்ப்பாணத்து ஆளுங்க கடை வரிசையா இருக்கும். மீட்டிங் முடிச்சுட்டு ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டுட்டு நடந்தே வந்து ரயில் ஏறலாம், ஏர்போர்ட்டுக்கு ஓடுறவனுக்கு அது வாய்க்காது.

ஜனவரில ஃப்ரான்ஸ் தடையால மூணு ரூட்தான் நின்னுச்சுன்னு எழுதுனேன், எண்ணிக்கைல அது சரிதான். ஆனா இந்த ஏழு மாசம் மத்த கம்பெனிக்காரங்ககிட்ட பேசிப் பேசி எனக்கு இன்னொண்ணு தோணுது. "ரயில் நேரம் இவ்ளோவுக்குள்ள இருந்தா ஃப்ளைட் வேண்டாம்"ங்கிற அளவுகோலையே அந்த மாநாடும் சட்டமும்தான் பேச்சுக்குக் கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கு, விலைக் கணக்குதான் இருந்துச்சு. இப்ப எந்த ட்ராவல் பாலிசிய எடுத்தாலும் மூணு மணி, நாலு மணின்னு மணிக் கணக்கு இருக்கு. நின்ன ஃப்ளைட்டை விட அது பெரிய விளைவுன்னு இப்ப நினைக்கிறேன்.

18 ஆகஸ்ட் 2025

காசு பத்தி ஒரு சின்ன குறிப்பு. ரயிலால ஒரு ராத்திரி தங்க வேண்டி வந்தா செலவு கூடும்னு சொல்றாங்க. ஜெர்மனில எட்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்தா சாப்பாட்டுப் படி 14 யூரோ, முழு நாள்னா 28, அதோட ஹோட்டல். கூடத்தான் செய்யும். ஜெர்மன் மத்திய அரசு ஊழியர்களுக்கு 2020ல இருந்து ஒரு வழி வச்சிருக்காங்க, ஃப்ளைட்டை விட ரயில் விலை கூடுனாலும் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி முழுசா திருப்பித் தருவாங்க. தனியார் கம்பெனி பாலிசில இந்த ஒரு வரியச் சேத்தா பாதிச் சண்டை ஓஞ்சுடும். "மலிவான வழி"ங்கிற பழைய விதியும் "பசுமையான வழி"ங்கிற புது விதியும் ஒரே டாக்குமென்ட்ல பக்கத்துல பக்கத்துல இருந்தா, செலவு ரிப்போர்ட் பாக்குறவர் மலிவு விதியத்தான் எடுப்பார்.

14 அக்டோபர் 2025

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுறேன், சென்னைல இருந்து மீட்டிங்குக்கு வர்றவங்க இதைப் படிக்கிறதால. அக்டோபர் 12ல இருந்து புது எல்லைப் பதிவு முறை ஆரம்பிச்சிருக்கு, ஷெங்கன் நாடுகள் 29லயும். பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறதுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல பதிவு. படிப்படியாத்தான் வரும், 2026 ஏப்ரல் 10க்குள்ள எல்லா எல்லைலயும். இந்திய பாஸ்போர்ட்ல விசாவோட வர்றவங்களுக்கு கைரேகை விசா எடுக்கும்போதே பதிவாயிருக்கும், எல்லைல முகத்தைப் படம் எடுப்பாங்க. இங்க ரெசிடென்ஸ் கார்டு வச்சிருக்கவங்களுக்கு இது கிடையாது, கார்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க.

கவனிக்க வேண்டியது 180 நாள்ல 90 நாள் கணக்கு. முன்னாடி முத்திரைய எண்ணுவாங்க, மங்கலா இருந்தா விட்டுடுவாங்க. இனி மெஷின் எண்ணும். ப்ராஜெக்ட்டுக்காக அடிக்கடி வந்து போறவங்க, ஆளை மாத்தி மாத்தி அனுப்புற மேனேஜருங்க, ஒரு ஷீட்ல நாளை எழுதி வையுங்க.

நல்ல செய்தியும் உண்டு. 2024 ஏப்ரல்ல இருந்து இந்தியர்களுக்கு ஒரு சலுகை, மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு விசா எடுத்து ஒழுங்கா பயன்படுத்தியிருந்தா ரெண்டு வருஷ மல்டிபிள் விசா, அதுக்கப்புறம் அஞ்சு வருஷம். விசா கட்டணம் 90 யூரோ ஆனதால அடிக்கடி எடுக்காம இருக்குறது பெரிய மிச்சம். இட்டியாஸ்னு ஒரு 20 யூரோ அனுமதி அடுத்த வருஷக் கடைசில வரப்போகுது, அது விசா தேவைப்படாத நாட்டுக்காரங்களுக்கு, நமக்கு இல்ல. இதை வச்சு ஏஜென்ட் யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

6 நவம்பர் 2025

நேத்து கமிஷன் அதிவேக ரயில் திட்டத்தை வெளியிட்டிருக்கு, 2040ஐ இலக்கா வச்சு. எல்லாரும் பகிர்றது பெர்லின்-கோபன்ஹேகன் ஏழு மணி நேரம் 2030ல நாலாகும்ங்கிற வரிய. அதுக்கு ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடுவுல இருக்குற ஃபேமர்ன் பெல்ட்ல கடலுக்கு அடியில 18 கிலோமீட்டர் சுரங்கம் முடியணும், ஜெர்மன் பக்கத்துப் பாதையும் முடியணும். சோஃபியா-ஏதென்ஸ் 2035ல ஆறு மணி.

என் கண்ணு போன இடம் வேற. டிக்கெட். 2024 ஜூலைல வொன் டெர் லையன் மறுபடியும் கமிஷன் தலைவரா தேர்வாகும்போது, ஐரோப்பா முழுக்க ஒரே இடத்துல ஒரே டிக்கெட், வழில எது நடந்தாலும் முழுப் பயணத்துக்கும் உரிமைன்னு வாக்கு குடுத்தாங்க. போக்குவரத்து கமிஷனர் சிட்சிகோஸ்டாஸுக்கு அதை வேலையாவும் எழுதிக் குடுத்தாங்க. நேத்து வந்த திட்டத்துல அதுக்கான சட்ட முன்வரைவு 2026 ஆரம்பத்துலன்னு இருக்கு. சுரங்கம் தோண்ட வருஷக்கணக்காகும், டிக்கெட் விதிக்கு ஒரு சட்டமும் கொஞ்சம் சாஃப்ட்வேரும் போதும். ஏன் இதை முதல்ல செய்யலன்னா, பெரிய ரயில் கம்பெனிங்க தங்களோட விலையையும் இருக்கைத் தகவலையும் மத்த விற்பனையாளருக்குத் திறந்துவிட இஷ்டப்படல, வேற என்ன.

15 நவம்பர் 2025

ஜெர்மன் கூட்டணி அரசு விமான டிக்கெட் வரிய 2026 ஜூலைல இருந்து குறைக்கப் போறாங்க, 2024 மேக்கு முன்னாடி இருந்த அளவுக்கு. ரயில் தண்டவாளத்துல இன்னும் எத்தனையோ ரூட் மூடிக் கிடக்குது, ஹாம்பர்க்-பெர்லின் ஆகஸ்ட்ல இருந்து மூடி ரயில் சுத்திப் போகுது, முக்கால் மணி கூட ஆகுது. மராமத்து செஞ்சே ஆகணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல, ஃப்ராங்க்ஃபர்ட்-மன்ஹைம் பாதைய போன வருஷம் அஞ்சு மாசம் மூடி சரி பண்ணாங்க. ஆனா ரயில் மெதுவா இருக்குற இதே சமயத்துல ஃப்ளைட்டுக்கு விலை இறக்குறது கஷ்டமா இருக்கு.

18 டிசம்பர் 2025

இந்த வாரம் எல்லாம் ஒண்ணா வந்து விழுந்திருக்கு, சுருக்கமா எழுதுறேன்.

பாரிஸ்-பெர்லின், பாரிஸ்-வியன்னா நைட்ஜெட் ராத்திரி ரயில் ஞாயித்துக்கிழமையோட நின்னுடுச்சு, ஃப்ரான்ஸ் மானியத்தை எடுத்ததால. பாரிஸ்-பெர்லினை யூரோப்பியன் ஸ்லீப்பர்ங்கிற கம்பெனி மார்ச்ல எடுத்து ஓட்டப் போறதா சொல்லியிருக்காங்க. ராத்திரி ரயில் ஹோட்டல் செலவையும் மிச்சம் பண்ணும், ஆனா பல கம்பெனி டூல்ல படுக்கை வகுப்பைத் தேடவே வழி இல்ல. இதை வாய்ப்பிருக்கவங்க உங்க ட்ராவல் டெஸ்க்ல சொல்லுங்க.

ஆம்னிபஸ் முடிவாயிடுச்சு: ஆயிரத்துக்கு மேல ஊழியர், கூடவே 450 மில்லியன் யூரோ வியாபாரம் இருந்தாத்தான் ரிப்போர்ட். எங்க கம்பெனி வெளிய வந்துடுச்சு. எங்களோட பெரிய கஸ்டமர் ரெண்டு பேர் உள்ள இருக்காங்க, அவங்க எங்க பயணக் கணக்கைக் கேக்குறாங்க, டேஷ்போர்ட் மறுபடியும் உயிர் பெத்திருக்கு. ஏப்ரல்ல செத்துப்போச்சுன்னு நினைச்சுதான் எழுதியிருந்தேன், இப்படித் திரும்பி வரும்னு எதிர்பாக்கல.

செவ்வாய்க்கிழமை கார் பத்துன முன்மொழிவு ஒரு மூட்டையா வந்துச்சு. 2035ல புது கார் புகை நூறு சதவீதம் குறையணும்னு இருந்ததை தொண்ணூறாக்கக் கமிஷன் முன்மொழிஞ்சிருக்கு, அதே நாள்ல பெரிய கம்பெனிங்களோட கார்களுக்கு நாடு வாரியா மின்சார இலக்கும் வச்சிருக்கு. ஐரோப்பால புதுசா பதிவாகுற காருல சுமார் அறுபது சதவீதம் கம்பெனி பேருல வர்றதால ரெண்டாவதை நான் பெருசா பாக்குறேன். பெல்ஜியம் இதுல முன்னாடி போகுது, 2026ல இருந்து வாங்குற பெட்ரோல், டீசல் கம்பெனி காருக்கு வரிக் கழிவே இல்ல. அங்க இருக்குற நண்பர்கள் 'மொபிலிட்டி பட்ஜெட்' கேட்டுப் பாருங்க, காரைத் திருப்பிக் குடுத்துட்டு அந்தக் காசுல ரயில் பாஸ், சைக்கிள், ஆஃபீஸ் பக்கத்துல வீட்டு வாடகை வரைக்கும் எடுத்துக்கலாம், மிச்சம் பணமா வேணும்னா 38.07 சதவீதம் பிடிச்சுக்குவாங்க.

எங்க பாலிசி ஜனவரில மறுபரிசீலனைக்கு வருது. குழுவுக்கு நான் அனுப்புனது: ரயில் விலை கூடுனாலும் முழுசா திருப்பித் தரணும், கனெக்ஷன் விட்டா ஹோட்டலும் புது டிக்கெட்டும் கேள்வி இல்லாம கம்பெனி செலவு, ரயில்ல வேலை செஞ்ச நேரம் வேலை நேரம். ரெண்டாவதுக்குத்தான் ஃபைனான்ஸ் இன்னும் சரின்னு சொல்லல. ஃப்ராங்க்ஃபர்ட் தம்பி, உங்க பாலிசில இதுக்கு என்ன எழுதியிருக்குன்னு அந்தப் பக்கத்தைப் பாத்து இங்க போடுங்க, பேசும்போது காட்ட எனக்கு ஒரு உதாரணம் வேணும்.